ஆர் யூ பீயிங் சர்வ்டு: ஒரு கால்சட்டை விற்க நாலு பேர்

கேள்வி இதுதான்: ‘ஆர் யூ பீயிங் சர்வ்டு?’ என்ற பழைய பிபிசி நகைச்சுவைத் தொடரில் இரண்டு மூன்று அத்தியாயம் பார்த்தேன். ஒரு துணிக்கடை, ஒருவரோடு ஒருவர் ஒத்தே போகாத ஏழெட்டு ஊழியர்கள், நிமிடத்துக்கு ஒரு இரட்டை அர்த்த வசனம். இது எப்படி 13 வருடம் ஓடியது? இதில் வேறு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எங்கிருந்து தொடங்குவது?

இருக்கிறது. இரட்டை அர்த்தம் அந்தத் தொடரின் மேல்தோல். அதை உரித்தால் உள்ளே இருப்பது பதவி. யார் பெரியவர், யாருக்கு அடுத்து யார், எந்த வேலையை யார் கையால் தொடலாம், யார் யாரிடம் நேரே பேசலாம். எந்தக் காட்சியிலும் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்த்தால் இந்த வரிசையில்தான் போய் முட்டும். நான் இந்தத் தொடரைப் பல முறை திரும்பப் பார்த்திருக்கிறேன். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு அது முழுசாகத் திறந்தது.

ஒரே ஒரு வியாபாரத்தை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். கிரேஸ் பிரதர்ஸ் என்ற கற்பனைக் கடை, லண்டனில். அதன் முதல் மாடி. லிஃப்டிலிருந்து ஒருவர் இறங்குகிறார். கோட்டில் பூ செருகிய, முதுகு வளையாத ஒரு மனிதர் அவரை எதிர்கொள்கிறார். இவர் கேப்டன் பீகாக், அந்த மாடியின் ஃப்ளோர்வாக்கர். இவர் எதையும் விற்க மாட்டார். வருகிறவரை வரவேற்று, என்ன வேண்டும் என்று கேட்டு, உரிய ஆளிடம் ஒப்படைப்பதோடு இவர் வேலை முடிந்தது. ‘ஒரு கால்சட்டை வேண்டும்’ என்கிறார் வந்தவர். பீகாக் மூத்த விற்பனையாளர் பக்கம் திரும்பி, ‘மிஸ்டர் கிரெய்ஞ்சர், உங்களுக்கு வேலை ஏதும் இருக்கிறதா?’ என்று கேட்கிறார். கிரெய்ஞ்சர் நாலடி தூரத்தில் வெறும் கவுண்டருக்குப் பின்னால் சும்மா நிற்கிறார். அது பீகாக்குக்கும் தெரிகிறது, வந்தவருக்கும் தெரிகிறது. ஆனாலும் கிரெய்ஞ்சர் ஒரு முறை சுற்றும் முற்றும் பார்த்து, யோசித்து, ‘இல்லை, கேப்டன் பீகாக்’ என்று பதில் சொல்கிறார்.

அளவு எடுக்க வேண்டும். மூத்த விற்பனையாளர் குனிந்து அளவெடுக்கலாமா? ‘மிஸ்டர் ஹம்ஃப்ரீஸ், நீங்கள் ஃப்ரீயா?’ கழுத்தில் அளவு நாடாவோடு நிற்கும் ஹம்ஃப்ரீஸ் உச்சக் குரலில் பாடுவது போலச் சொல்கிறார்: ‘ஐ’ம் ஃப்ரீ!’ இங்கிலாந்து முழுக்கப் பிள்ளைகள் தெருவில் சொல்லித் திரிந்த வரி அது. பிறகு பெட்டியை எடுத்து வர, அலமாரியில் தேட, ஏணியில் ஏற யாராவது வேண்டுமே. அதற்குக் கடைக்குட்டி லூகாஸ். ஆக, ஒரு கால்சட்டைக்கு நாலு பேர். கடைசியில் அந்த அளவே கடையில் இருப்பதில்லை. கோட் வாங்க வந்தவராக இருந்தால், கை நீளமாகத் தொங்குகிறது என்று அவர் முறையிடுவார். ‘போடப் போட மேலே ஏறிவிடும், சார்’ என்று விற்பனையாளர்கள் மூவரும் ஒரே முகத்தோடு சொல்வார்கள்.

மூத்தவர் சும்மா நின்றாலும் முதல் வாடிக்கையாளர் அவருக்குத்தான். கமிஷன் இருப்பதால் அது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை, வயிற்றுப் பிரச்சினையும்கூட. லூகாஸ் எத்தனை சுறுசுறுப்பாக இருந்தாலும், மேலே இருவரும் கைநிறைய வேலையோடு இருந்தால்தான் அவருக்கு ஒரு வாய்ப்பு. இந்த ஒரு விதியிலிருந்தே பாதித் தொடர் பிறக்கிறது.

இதை எழுதியவர்கள் ஜெரமி லாய்டும் டேவிட் கிராஃப்டும். லாய்ட் 1950களின் தொடக்கத்தில் லண்டன் பிக்காடில்லியில் இருந்த சிம்ப்சன்ஸ் கடையில் ஆண்கள் உடைப் பிரிவில் இளநிலை ஊழியராகக் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர். லூகாஸ் நின்ற இடத்தில் நின்று பார்த்தவர் என்று சொல்லலாம். அந்தக் கட்டடம் 1936இல் திறக்கப்பட்டது. கடை 1999இல் மூடப்பட்டு, இப்போது அதே கட்டடத்தில் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை இருக்கிறது. லண்டன் போகிறவர்கள் உள்ளே போய் அந்தப் படிக்கட்டில் ஏறிப் பார்க்கலாம்.

ஹம்ஃப்ரீஸாக நடித்த ஜான் இன்மேனும் துணிக்கடையிலிருந்து வந்தவர்தான். பிளாக்பூலில் ஒரு ஆண்கள் உடைக் கடையில் வேலை பார்த்து, பிறகு லண்டன் ரீஜென்ட் ஸ்ட்ரீட்டில் ஆஸ்டின் ரீட் கடையில் கண்ணாடி ஜன்னலில் துணி அலங்கரிக்கும் வேலையில் இருந்தார். அவர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து உருவும் விதத்தைக் கவனியுங்கள். ஒத்திகையில் கற்ற கை இல்லை அது, தொழிலில் பழகிய கை.

கிராஃப்டுக்கு வேறொரு பின்னணி. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தவர். இதற்கு முன்பே ஜிம்மி பெர்ரியோடு சேர்ந்து ‘டாட்ஸ் ஆர்மி’ எழுதியிருந்தார். போர்க்காலத்தில் ஊர்க்காவலுக்குச் சேர்ந்த உள்ளூர்க்காரர்களைப் பற்றிய நகைச்சுவைத் தொடர் அது. அதில் ஒரு வங்கி மேலாளர் கேப்டனாகவும் அவருக்குக் கீழே வேலை செய்யும் குமாஸ்தா சார்ஜென்டாகவும் இருப்பார்கள். பிறப்பாலும் படிப்பாலும் அந்தக் குமாஸ்தாவே மேல். அந்த உரசலில்தான் தொடர் ஓடியது. கிராஃப்டுக்குக் கடையும் ஒரு ராணுவ முகாமாகவே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். சீருடை, நேரம் தவறாமை, மேலதிகாரி வரும்போது வரிசையில் நிற்பது எல்லாம் அங்கும் உண்டே.

போர் முடிந்து முப்பது வருடம் ஆகியும் பீகாக் தன் ‘கேப்டன்’ பட்டத்தை விடவில்லை. வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன் தளபதி ரோமலை எதிர்த்து நின்றதாகச் சொல்லிக்கொள்வார். உண்மையில் அவர் இருந்தது பொருள் வழங்கும் பிரிவில். ஃப்ராங்க் தார்ன்டன் அந்தப் பாத்திரத்தை ஒரு புருவத்தை வைத்தே நடித்தார். யாராவது அவரை வெறும் ‘மிஸ்டர் பீகாக்’ என்று கூப்பிட்டால் அந்தப் புருவம் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

கூப்பிடும் முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இவர்கள் வருடக்கணக்கில் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். ஒருவர் வீட்டு விவகாரம் இன்னொருவருக்கு அத்துப்படி. ஆனாலும் மிஸ்டர், மிஸஸ், மிஸ் இல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மிக அபூர்வம். எல்லோருக்கும் மேலே முதலாளி, ‘யங் மிஸ்டர் கிரேஸ்’. நம் வழக்கில் சின்ன முதலாளி. அவருக்கு வயது எண்பதுக்கு மேல் இருக்கும். தாங்கிப் பிடிக்க ஒரு பக்கம் நர்ஸ், ஒரு பக்கம் காரியதரிசி. நடக்க முடியாமல் நடந்து வந்து, ‘எல்லோரும் ரொம்ப நன்றாகச் செய்தீர்கள்!’ என்று கையசைப்பார். கூட்டமாக எல்லோரும், ‘நன்றி, யங் மிஸ்டர் கிரேஸ்!’ என்பார்கள். அண்ணன் ‘ஓல்ட் மிஸ்டர் கிரேஸ்’ உயிரோடு இருக்கும்வரை இவர் சின்னவர்தானே! பிற்பாடு 1981இல் அந்த அண்ணனையும் காட்டினார்கள். அண்ணனாக நடித்த கென்னத் வாலர், தம்பியாக நடித்த ஹரால்ட் பென்னெட்டைவிட ஏறக்குறைய முப்பது வருடம் இளையவர்.

இப்போது பெண்கள் பக்கம். தொடருக்கு முன் சோதனையாக எடுத்த முன்னோட்ட அத்தியாயத்தின் கதையே, ஆண்கள் உடைப் பிரிவு இருந்த மாடிக்குப் பெண்கள் உள்ளாடைப் பிரிவையும் கொண்டுவந்து வைப்பதுதான். இரண்டு சாம்ராஜ்யம், நடுவில் ஒரு நடைபாதை. எந்த ஸ்டாண்ட் எங்கே நிற்பது என்பதில் சண்டை. பெண்கள் பிரிவுக்குத் தலைவி மிஸஸ் ஸ்லோகோம். மாலி சக்டன் நடித்தது. தலைமுடி ஒரு வாரம் ஊதா, ஒரு வாரம் பச்சை, ஒரு வாரம் ஆரஞ்சு. சக்டன் யார்க்‌ஷரின் கீத்லியில் பிறந்தவர். அதை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பது ரொம்ப அழகு. வாடிக்கையாளரிடம் பேசும்போது ஸ்லோகோம் வாயில் வரவழைத்துக்கொண்ட மேட்டுக்குடி ஆங்கிலம். கோபம் வந்தால் அரை வாக்கியத்திலேயே அது கழன்று, வடக்கத்திப் பேச்சு வெளியே வந்துவிடும். ஏதாவது முடிவு சொல்லிவிட்டு, ‘இதில் நான் ஏகமனதாக இருக்கிறேன்’ என்று முடிப்பார். ஒரே ஆள் ஏகமனதாக இருப்பது! தன் பிரிவில் தன் சொல்லே சட்டம் என்ற நினைப்பு அந்த ஒரு பிழையில் முழுசாக இருக்கிறது. அவருக்குக் கீழே மிஸ் பிராம்ஸ், கிழக்கு லண்டன் பேச்சோடு. நடித்த வெண்டி ரிச்சர்ட் பின்னால் ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ தொடரில் 1985 முதல் 2006 வரை பாலின் ஃபௌலராக வந்தார்.

சரி, இரட்டை அர்த்தத்துக்கு வருவோம். கேள்வி கேட்டவருக்கு உறுத்தியது அதுதான். ஸ்லோகோமுக்கு டிடில்ஸ் என்று ஒரு பூனை. அதை அவர் ‘புஸ்ஸி’ என்பார். பூனையைக் குறிக்கும் அந்தச் செல்லச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் வேறொரு பொருளும் உண்டு என்பது ஊருக்கே தெரியும், ஸ்லோகோமுக்கு மட்டும் தெரியாது. மழையில் அது எப்படி நனைந்தது, ஹீட்டர் முன்னால் அதை எப்படி உலர்த்தினார் என்று உண்மையான கவலையோடு சொல்வார். சுற்றி நிற்கிறவர்களில் யாரும் அவரைத் திருத்த முடியாது. பீகாக்கின் பதவிக்கு அது புரிந்ததாகக் காட்டுவதே இழுக்கு. பிராம்ஸுக்கு அவர் மேலதிகாரி. லூகாஸ் ஒருவர்தான் வாய்விட்டு ஏதாவது சொல்வார், உடனே வாங்கிக் கட்டிக்கொள்வார். அந்த வசனத்தைச் சொல்லிவிட்டு சக்டன் கண் சிமிட்டியிருந்தால் அது மலிவான ஜோக். அவர் ஒரு முறைகூடச் சிமிட்டவில்லை. பார்வையாளர்கள் முன்னிலையில் ஸ்டூடியோவில் நடித்தது இது. மக்கள் சிரித்து முடிக்கும்வரை அத்தனை பேரும் கல் முகத்தோடு காத்திருக்க வேண்டும். அதற்குத் தனி உழைப்பு வேண்டும்.

எல்லா இரட்டை அர்த்தமும் அந்தத் தரத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்னாட்களில் வாசலில் பந்தல் போட்டு வரவேற்பது போலத்தான் ஜோக்கைக் கொண்டுவந்தார்கள்.

தொடர் திரைக்கு வந்த கதை சோகமானது. புது நகைச்சுவைகளை ஒவ்வொரு அத்தியாயமாகச் சோதித்துப் பார்க்கும் பிபிசியின் ‘காமெடி ப்ளேஹவுஸ்’ வரிசைக்காக எடுத்த முன்னோட்டம் அலமாரியில் கிடந்தது. 1972 செப்டம்பரில் மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய வீரர்கள் கொல்லப்பட்டு, போட்டிகள் நிறுத்தப்பட்டபோது, பிபிசியின் ஒளிபரப்பில் இடைவெளி விழுந்தது. அதை நிரப்ப 8ஆம் தேதி இதைப் போட்டார்கள். முழுத் தொடர் 1973 மார்ச்சில், எதிர்ச் சேனலான ஐடிவியின் பிரபலத் தொடர் ‘காரனேஷன் ஸ்ட்ரீட்’ ஓடும் அதே நேரத்தில் வந்ததால் அவ்வளவாக யாரும் கவனிக்கவில்லை. மறு ஒளிபரப்பில்தான் பற்றிக்கொண்டது. உச்சத்தில் 2 கோடிக்கும் மேல் பார்த்தார்கள். 1985 ஏப்ரல் 1 வரை, 10 பருவம், 69 அத்தியாயம். முன்னோட்டத்தின் வண்ணப் பிரதி அழிந்து கறுப்பு வெள்ளையில் மட்டும் மிஞ்சியது. 2009இல் அதற்கு நிறத்தை மீட்டெடுத்தார்கள்.

அப்புறம் ஹம்ஃப்ரீஸ். பிபிசி மேலிடம் அந்தப் பாத்திரத்தை நீக்கச் சொன்னபோது, அவர் போனால் நானும் போவேன் என்று கிராஃப்ட் நின்றுகொண்டார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களுக்கிடையிலான உறவு குற்றமல்ல என்று ஆனதே 1967இல்தான். குலுங்கும் நடை, பாடும் குரல் என்று ஒரு பாத்திரத்தைச் சிரிப்புக்காக நிறுத்துவது தங்களைக் கேலிப்பொருள் ஆக்குகிறது என்று ஒருபாலினத்தோர் உரிமைக்காகப் போராடியவர்கள் எதிர்த்தார்கள், இன்மேனின் நிகழ்ச்சிகளுக்கு வெளியே மறியலும் செய்தார்கள். ஹம்ஃப்ரீஸ் வெறும் அம்மா பிள்ளை என்று இன்மேன் பதில் சொன்னார். அந்த எதிர்ப்பை நான் தள்ளிவிட மாட்டேன். அப்போது டிவியில் அவர்களுக்குக் கிடைத்த முகங்கள் மிகச் சில, அதில் இது ஒன்று என்றால் கோபம் நியாயமானது.

ஆனால் கடைக்குள் ஹம்ஃப்ரீஸின் இடத்தைப் பாருங்கள். அந்த மாடியில் வேலையில் கெட்டிக்காரர் அவர்தான். யாருக்காவது மனக்கஷ்டம் என்றால் முதலில் பக்கத்தில் போய் நிற்பவரும் அவர்தான். யாரும் அவரை ஒதுக்குவதில்லை. வேலை தவிர அவர் வாழ்க்கையை யாரும் விசாரிப்பதும் இல்லை. 1976இல் டிவி டைம்ஸ் பத்திரிகை வாசகர்கள் இன்மேனை டிவியின் மிகச் சிரிப்பான மனிதராகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வாக்குகளில் பாசமும் இருந்தது என்றே நினைக்கிறேன்.

எழுபதுகளின் இங்கிலாந்து இந்தக் கடைக்குள் கதவைத் தட்டாமலே நுழைகிறது. எரிபொருள் தட்டுப்பாட்டால் நாடே வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்று சுருங்கிய 1974இல் வந்தது ‘கோல்ட் கம்ஃபர்ட்’. கடையில் ஹீட்டர் ஓடாது, ஊழியர்கள் குளிரில் நடுங்கியபடி விற்கிறார்கள். 1975இன் ‘காஃபி மார்னிங்’கில் காபி இடைவேளையின் நிமிடக் கணக்கு ஒரு தொழிலாளர் தகராறாகவே வளர்கிறது. பழுது பார்க்கும் ஊழியர் மேஷ் வேலை நேரத்தில் அழுக்குக் கோட்டோடு மாடியில் தென்படக் கூடாது என்பது விதி. ஆனால் தொழிற்சங்கம் அவர் பக்கம். பீகாக் அவரை விரட்டலாம், அதட்ட முடியாது. அவருக்குப் பிறகு வந்த ஹார்மனும் அதே ரகம். பதவி வரிசைக்கு வெளியே நிற்பதால் அந்த மாடியில் சுதந்திரமானவர்கள் இவர்கள் இருவர் மட்டுமே.

தொடர் எங்கே தளர்ந்தது என்பதற்கும் என் பதில் அதே வரிசைதான். கிரெய்ஞ்சராக நடித்த ஆர்தர் ப்ரோ 1978இல் மனைவியை இழந்து, சில வாரங்களில் தாமும் இறந்துபோனார். பொருமிக்கொண்டே தூங்கிவிழும் அந்த மூத்த விற்பனையாளர்தான் ஏணியின் மேல்படி. அவருக்குப் பிறகு டெப்ஸ், கோல்ட்பெர்க், கிராஸ்மன், க்ளைன் என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்தார்கள். யாரும் நிலைக்கவில்லை. 1979க்குப் பிறகு லூகாஸாக நடித்த ட்ரெவர் பானிஸ்டரும் இல்லை. மேல்படியும் போய் கீழ்ப்படியும் போனால் நடுவில் இருப்பவர் யாரைப் பார்த்துப் பயப்படுவார், யாரை விரட்டுவார்? வேடிக்கை உடை போட்டு ஆடும் காட்சிகள் அந்த இடத்தை நிரப்பின. 1981 கிறிஸ்துமஸ் அத்தியாயமான ‘ரூட்ஸ்’ வெள்ளையர்கள் முகத்தில் கறுப்புச் சாயம் பூசி ஆடும் ஆட்டத்தோடு முடிகிறது. அதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்ல மாட்டேன், பார்க்கவும் சொல்ல மாட்டேன்.

வெளியூர்ப் பிரதிகள் பற்றிச் சுருக்கமாக: 1979இல் அமெரிக்காவில் ‘பீன்ஸ் ஆஃப் பாஸ்டன்’ என்று ஒரு முன்னோட்டம் எடுத்தார்கள், அதோடு நின்றது. ஆஸ்திரேலியாவில் 1980, 81இல் இன்மேனையே வரவழைத்து ஒரு பதிப்பு எடுத்தார்கள். 2016இல் பிபிசி புது நடிகர்களை வைத்து ஒரே ஒரு அத்தியாயம் செய்தது. வசனம் சரி, அந்த முகங்களில் பயம் இல்லை. 1977இல் வந்த சினிமாவில் ஊழியர்கள் எல்லோரும் ஸ்பெயினுக்குச் சுற்றுலா போகிறார்கள். கடையை விட்டு வெளியே வந்ததும் இவர்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லாமல் போகிறது. 1992, 93இல் வந்த ‘கிரேஸ் அண்ட் ஃபேவர்’ மட்டும் எனக்குப் பிடிக்கும். சின்ன முதலாளி இறந்துவிடுகிறார், ஊழியர்களின் ஓய்வூதியப் பணம் முழுக்க ஒரு கிராமத்து மாளிகையில் முடங்கியிருக்கிறது. வேறு வழியில்லாமல் அதே ஆட்கள் அதை ஹோட்டலாக நடத்துகிறார்கள். விருந்தாளி ஒருவர் வந்தாலும் அதே பழைய வரிசைதான்.

எங்கிருந்து தொடங்குவது? லிஃப்டில் மாடி மாடியாக என்ன கிடைக்கும் என்று ஒரு பெண் குரல் அறிவிக்க, பணப்பெட்டிச் சத்தத்தையே தாளமாக வைத்து ரானி ஹேசல்ஹர்ஸ்ட் போட்ட தொடக்கப் பாட்டைத் தாண்டிவிடாதீர்கள். 1975இன் ‘அப் கேப்டன் பீகாக்’கை முதலில் பாருங்கள். இருபது வருட சேவைக்காகப் பீகாக்குக்குக் கிடைப்பது மேலதிகாரிகள் கழிவறையின் சாவி. சம்பள உயர்வு இல்லை, ஒரு சாவி. அதை அவர் எப்படிப் பெற்றுக்கொள்கிறார், மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில் நான் மேலே சொன்ன எல்லாமே இருக்கிறது.

அடுத்து, ஓய்வு வயது நெருங்கிய கிரெய்ஞ்சரைப் பற்றிய ‘தி க்ளாக்’, 1974. அப்புறம் முதல் பருவத்துக்குத் திரும்பி ‘கேம்பிங் இன்’. போக்குவரத்து வேலைநிறுத்தத்தால் யாராலும் வீட்டுக்குப் போக முடியாத ராத்திரி அது. விற்பனைக்கு வைத்திருந்த கூடாரங்களைக் கடைக்குள்ளேயே அடித்துத் தங்குகிறார்கள். மூத்தவர்கள் போர்க்காலத்தை நினைத்துக்கொள்கிறார்கள், பழைய பாட்டைப் பாடுகிறார்கள். லூகாஸும் பிராம்ஸும் அந்தப் போரை அறியாத வயது. பகலில் கவுண்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றவர்கள் இரவு உடையில் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போதும் பீகாக்கை யாரும் ஸ்டீஃபன் என்று கூப்பிடவில்லை.